வலது பக்கக் கதவு

அன்று மாலை ஆறு மணிக்கு சபையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் பின்வருமாறு.

முதலாவது, கிடார். தன் அறையில், மேஜை மேலிருந்த லேப்டாப்புக்கு எதிரே, சுழல் நாற்காலியில். முதுகுக்குப் பின்னால் பாதி திறந்த கதவு. கச்சேரிகள் எல்லாம் ரத்தாகிவிட்டன. விரல்கள் மட்டும் ஓயவில்லை.

இரண்டாவது, டீச்சர். சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜில் சாய்ந்து. பகலெல்லாம் திரையில் தெரியும் குழந்தைகளிடம் ‘மைக்கை ஆஃப் பண்ணு கண்ணா’ என்று கெஞ்சுகிற உத்தியோகம்.

மூன்றாவது, ஜிம். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். பூட்டிக் கிடந்த உடற்பயிற்சிக் கூடத்தின் மாஸ்டர்.

நான்காவது, வார்டு. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில், கட்டில் மேல். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற ஆண் நர்ஸ்.

ஐந்தாவது, ஹலோ. தன் வீட்டில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், கதவைத் தாழிட்டுக்கொண்டு. ரத்தான விமான டிக்கெட்டுக்குப் பணம் கேட்டுத் திட்டுகிறவர்களுக்கு ஃபோனில் ‘ஹலோ’ சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை.

ஐந்து வீடு. ஐந்து திரை. ஒவ்வொரு திரையிலும் ஐந்து கட்டம்.

ஐந்தில் ஒருவனுக்கு ஆயுள் இன்னும் அரை மணி நேரம்தான்!

“எல்லாரும் கையில வச்சிருக்கீங்களா?” வார்டு கேட்டான்.

எல்லோரும் உள்ளங்கையைக் காட்டினார்கள். வெள்ளை மாத்திரைகள். நோய் ஊரைப் பூட்டிப் போட்டதிலிருந்து இதுதான் சபையின் வழக்கம். டியூட்டிக்குப் போய் வர பாஸ் வைத்திருந்த வார்டு, மத்தியானம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு காகிதப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போவான். மாலையில் எல்லோரும் ஒன்றாக விழுங்குவார்கள்.

ஒருவரைத் தவிர.

அவருக்குப் பெயர் காவல். தினம் ஒருவர். காவல் இருப்பவர் மாத்திரை போடக் கூடாது. மற்றவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். யாராவது நீலம் பாரித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இன்று காவல் ஹலோ.

“ஏய் ஹலோ, போன தடவை மாதிரி கொட்டாவி விடாதே. நான் செத்தா நீதான் பொறுப்பு!” ஜிம் சிரித்தான்.

“நீ சாக மாட்டே. மாத்திரைதான் உன்கிட்ட மாட்டிக்கிட்டு சாகும்.”

“ஒண்ணு... ரெண்டு... மூணு!”

டீச்சர் விழுங்கினாள். ஜிம் விழுங்கினான். வார்டு விழுங்கினான்.

கிடார் விழுங்கவில்லை. மாத்திரையை மேஜை மேலேயே வைத்தான்.

“என்னடா, விரதமா?” டீச்சர் கேட்டாள்.

“நாளைக்கு சபையில ஒரு விஷயம் சொல்லணும். நாளைக்கு யாரும் போடாதீங்க. தெளிவா உட்காருங்க.”

“இப்பவே சொல்லேன்...”

“நீங்க இப்ப முழுங்கிட்டீங்க. இது தெளிவா இருக்கிறப்போ கேட்க வேண்டிய விஷயம்.”

கிடாரின் கண்கள் சிவந்திருந்தன. ஹலோ அதைக் கவனித்தாள். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்!

“நமக்குக் காலையில டியூட்டிப்பா. நான் படுக்கறேன்,” என்று வார்டு விளக்கை அணைத்தான். அவன் கட்டத்தில் இருட்டும், போர்வையின் மேடும் மட்டும் தெரிந்தன.

டீச்சர் அழ ஆரம்பித்தாள். ஜிம் பாட ஆரம்பித்தான். இரண்டும் தினசரி நிகழ்ச்சிகள்.

ஹலோ கேமராவுக்குக் கீழே கையை இறக்கினாள். அங்கே அவள் பொட்டலம் இருந்தது. நாளைக்கு என்று எடுத்து வைத்தது.

மத்தியானம் ஒருவன் ஃபோனில் சாபம் விட்டிருந்தான். ‘இந்த நோயில உன் வீட்டு ஆள் ஒருத்தன் போகணும்டி... அப்ப தெரியும்!’ அவள் வீட்டில் ஆள் என்று இருந்தது ஒரே ஒரு அண்ணன். ஆம்புலன்ஸ் டிரைவர். அந்த நோயைத்தான் நாள் முழுக்க வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

காவல் இருந்தவள் இருமுவதுபோல் வாயைப் பொத்தி, மாத்திரையை உள்ளே தள்ளினாள்.

இரண்டு!

அப்போதுதான் திரையில் அந்தக் கதவு அசைந்தது.

கிடாரின் கட்டம். வலது ஓரம். பாதி திறந்திருந்த கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே வந்தது ஓர் உருவம். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. ஆஸ்பத்திரிக் கவச உடை. கண்ணாடி, முகமூடி, கையுறை. முகம் என்று எதுவும் இல்லை.

கையில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கிற இரும்பு ஸ்பேனர்.

“கிடார்... பின்னால!” ஹலோ கத்தினாள்.

கிடார் தலையைத் திருப்பினான்.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம். கிடார் எழ முயன்றான். இரண்டாவது அடி. நாற்காலி அவனோடு சேர்ந்து சுற்றியது. சுவரில், கிடாரின் கம்பிகளில், லேப்டாப் கேமராவின் மேல்... ரத்தம்! திரையில் பாதி சிவப்பானது. மூன்றாவது அடி. நான்காவது. விழுந்தவன் மேலும் குனிந்து குனிந்து அடித்தது அந்த வெள்ளை.

“ஏய்ய்ய்! விடுடா! விடுடா அவனை!”

டீச்சர் அலறினாள். ஜிம் வாய் திறந்தபடி உறைந்துபோனான்.

வெள்ளை நிமிர்ந்தது. நேராகத் திரையைப் பார்த்தது. சிவப்புக் கையுறை ஒன்று கேமராவை நோக்கி வந்தது...

கட்டம் இருண்டது.

அதே நொடியில் வார்டின் கட்டமும் அறுந்து போனது. சில நிமிஷம் கழித்து மறுபடி வந்தான். மூச்சு வாங்கியது.

“பார்த்தேன்... நானும் பார்த்தேன்! சத்தம் கேட்டு முழிச்சேன்... அதுக்குள்ள நெட் போச்சு... ஐயோ, கிடார்!”

*

போலீசுக்கு ஃபோன் போட்டவள் ஹலோதான். போலீஸ் பிடித்தது அவள் அண்ணனை!

தெருமுனைத் தடுப்புக்கு அருகே ஆம்புலன்ஸை மறித்து, அவனைக் கதவோடு சேர்த்து இழுத்தார்கள். வெள்ளைக் கவச உடை. மார்பில் ரத்தக்கறை.

“சார், அது பேஷன்ட்டோட ரத்தம்! மூக்குல வந்துச்சு சார்...”

லத்தி முட்டியில் இறங்கியது. மடிந்து விழுந்தான். மேலே பால்கனிகளில் கூட்டம். “அடிங்க சார்! கொலைகாரப் பய!” யாரோ ஒரு பூந்தொட்டியைத் தூக்கிப் போட்டார்கள். அது அவன் தோளில் விழுந்து தூளானது.

“அண்ணா!” ஹலோ தடுப்பைத் தாண்டி ஓடினாள். ஒரு பெண் போலீஸ் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் தரையிலிருந்து தலையைத் தூக்கினான். உதடு கிழிந்திருந்தது.

“பாப்பா... மாஸ்க் போடு...” என்றான்.

அவ்வளவுதான். வேனில் தூக்கிப் போட்டார்கள்.

அன்றிரவு முடிவதற்குள் சபையின் மிச்சம் நாலு பேரிடமும் ஆஸ்பத்திரி ஆள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான்.

*

காலை. காவல் நிலையம்.

தரையில் சாக்பீஸ் வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்கு ஓர் ஆள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தொடும் வயது. இரட்டை மாஸ்க். பக்கத்து மேஜையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் ஸ்டேஷன் ரைட்டர்.

“உங்க அண்ணன் போன வாரம் கிடார் வீட்டு வாசல்ல நின்னு என்ன சொன்னான்?”

ஹலோ தலை குனிந்தாள். தெருவே கேட்டது அது.

“சொல்லு.”

“‘என் தங்கச்சிக்கு இன்னொரு மாத்திரை கொடுத்தே, மண்டையைப் பொளந்துருவேன்’னு... மேடம், அண்ணனுக்கு மாத்திரை எங்கிருந்து வருதுன்னு தெரியாது. கிடார்தான் கொடுக்கறான்னு நினைச்சுட்டாரு.”

“மண்டை பொளந்துதான் கிடக்கு. ஸ்பேனர் ஆம்புலன்ஸ்ல இருக்கிற ரகம். ஊர் பூரா பூட்டு, தெருவுல ஓடுற வண்டி அவனோடது. டிரஸ்ஸுல ரத்தம். வேற என்ன வேணும்?”

“ஸ்பேனர் ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. டிரஸ்ஸும் இருக்கு. வார்டுகிட்டகூட...”

“ஹலோ!” வார்டு பதறினான். “நான் உங்க கண்ணு முன்னால படுத்திருந்தேனே?”

“படுத்திருந்தான் மேடம்,” என்றான் ஜிம். “போர்வையைப் பார்த்தேன்.”

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தாள்.

“நாலு பேரையும் ஒரே கேள்வி கேட்டேன். கொலைகாரன் எந்தப் பக்கத்திலேர்ந்து வந்தான்? டீச்சரம்மா?”

“வலது பக்கம் மேடம். திரையில வலது பக்கக் கதவு.”

“மாஸ்டர்?”

“வலது.”

“நீ?”

“வலதுதான் மேடம்,” என்றாள் ஹலோ.

“நான் நேத்தே அந்த ரூமுக்குப் போனேன். கிடார் நாற்காலியில நானே உட்கார்ந்து பார்த்தேன். கதவு இருக்கிறது இடது பக்கம்! மூணு பேரும் மாத்திரை மயக்கத்துல உளர்றீங்க. ஒழுங்கா சொன்னது இவன் ஒருத்தன்தான்.”

வார்டு பணிவாகத் தலையை ஆட்டினான்.

“திரையில பார்த்ததைச் சொன்னேன் மேடம். இடது பக்கத்திலேர்ந்து வந்தான். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பாவம், போதை.”

“ஆக, கண்ணுக்குக் கண்ணா பார்த்த சாட்சி நீ. எழுதிக்கோங்க ரைட்டர். அந்த டிரைவரை மத்தியானம் கோர்ட்டுக்கு அனுப்பிடுவோம்.”

உள்ளே லாக்கப்பிலிருந்து அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் ஒரு முனகல். விலா எலும்பில் அடி.



வலது... வலதுதானே பார்த்தேன்? மூன்று பேர் மயக்கத்திலும் கதவு ஒரே பக்கமா போய் உட்காரும்?

“மேடம், கை கழுவிட்டு வரேன்...”

*

நிலையத்தின் பின்பக்கம். சிமென்ட் தொட்டி, குழாய், காலால் மிதித்தால் சானிடைசர் கொட்டுகிற இரும்பு ஸ்டாண்ட்.

ஹலோ ஃபோனை எடுத்தாள். முன்னறையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு வீடியோ கால் போட்டாள்.

“என்னடி, இருபதடி தூரத்திலேர்ந்து கால் பண்றே?”

“டீச்சர், நான் இப்ப எந்தக் கையைத் தூக்கறேன்? என் கை உன் திரையில எந்தப் பக்கம் தெரியுது?”

“இதென்ன ஒண்ணாங்கிளாஸ் பாடமா? இடது ஓரம்.”

ஹலோ தன் ஃபோனைப் பார்த்தாள். மூலையில் அவளே சின்னதாகத் தெரிந்தாள். அந்தச் சின்னக் கட்டத்தில் அவள் கை... வலது ஓரம்!



“டீச்சர்... நம்மளை நாமே பார்க்கறப்போ திரை கண்ணாடி மாதிரி காட்டுது. மத்தவங்களுக்கு நேர்மாறா போகுது. கிடார் ரூம் கதவு நம்ம எல்லாருக்கும் வலது பக்கம்தான் தெரியும். அது இடது பக்கம் தெரியற திரை உலகத்துலயே ஒண்ணுதான்... கிடாரோட லேப்டாப்!”

“அப்படின்னா...?”

“இடதுன்னு சொன்னவன் அந்த ரூமுக்குள்ள நின்னவன்!”

“கெட்டிக்காரி,” என்றது ஒரு குரல்.

ஃபோன் கையிலிருந்து பறந்தது. வார்டின் பூட்ஸ் அதை மிதித்து நசுக்கியது.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கை கழுத்தைக் கவ்வியது. நெற்றியைச் சிமென்ட் தொட்டி விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் மின்னல். இன்னொரு தரம் மோதினான். சூடாக ஏதோ புருவத்தின் மேல் வழிந்தது.

“கத்தாதே ஹலோ. வழுக்கி விழுந்து தலையில அடிபட்டுச்சு, தொட்டியில மூழ்கிட்டே. போதைக்காரிதானே, நம்புவாங்க.”

முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான். சோப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. மேலே தூக்கினான்.

“அவனை... ஏன்டா...”

“நேத்து மத்தியானம் வாசல்ல பொட்டலம் போடப் போனேன். கையைப் பிடிச்சுட்டான். ‘இது எங்க அம்மாவுக்கு டாக்டர் எழுதின வலி மாத்திரைதானேடா? போட்டா இவ்வளவு சுகமா இருக்கே... அப்புறம் எங்க அம்மா ஏன் உன் வார்டுல மூணு நாள் அலறி அலறிச் செத்தாங்க?’ன்னு கேட்டான்.”

ஹலோ இருமித் தண்ணீரைக் கக்கினாள்.

“நீ... அவங்களுக்கு என்ன கொடுத்தே?”

“பார்க்க ஒரே மாதிரி இருக்கிற வேற மாத்திரை. சாகப் போறவங்களுக்கு எதுவா இருந்தா என்ன? நீங்க உயிரோட இருக்கறவங்க. ‘வார்டு, இன்னொண்ணு கொடு வார்டு’ன்னு கெஞ்சினது யாரு? நீதானே?”

மறுபடி தண்ணீர். நுரையீரல் வெடித்தது. கை காற்றில் துழாவியது. ஏதோ இரும்பு தட்டுப்பட்டது. சானிடைசர் ஸ்டாண்ட்!

அதை அவன் பக்கம் திருப்பி மிதித்தாள். அவன் முகத்தில் பீய்ச்சி அடித்தது சானிடைசர். கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். பிடி தளர்ந்தது.

ஹலோ ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாங்கிய திட்டு மொத்தமும் அந்தக் கையில் இறங்கியது.

‘மளுக்!’

அவன் தோள்பட்டை எலும்பு.

இன்னொரு வீச்சு. முழங்கை. அவன் தொட்டிக்கு அடியில் சுருண்டான். மூன்றாவது தடவை ஓங்கினபோது டீச்சரின் அலறலைக் கேட்டு ஓடிவந்த இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் விடும்மா! எனக்கு உயிரோட ஒருத்தன் வேணும்!”

*

மேஜை மேல் இரண்டு ஃபோன். இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ரைட்டர் எதிர் அறையில் மற்றொன்றைப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறு கையைத் தூக்கினாள்.

“அட... ஆமாம்! இவ்வளவு நாள் எஸ்.பி. மீட்டிங்ல உட்கார்ந்திருக்கேன், இது தெரியலையே!”

ஒரு கையைத் தொங்கவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் வார்டு. முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தான்.

“ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா கோர்ட்டுல நிக்குமா?”

“ஏன் நிக்காது?”

“நானும் மாத்திரை போட்டிருந்தேன். போதையில வலதை இடதுன்னு உளறிட்டேன். அது ஒரு குத்தமா? எதிர்ல சாட்சி யாரு? டீச்சர், போதை. ஜிம், போதை. தொட்டிகிட்ட நான் என்னமோ சொன்னேன்னு இவ சொல்றா. யாரு கேட்டா? எலும்பு உடைஞ்சு கிடக்கறது நான். மூணு போதைக்காரங்க பேச்சைக் கேட்டு ஜட்ஜ் சிரிப்பாரு.”

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தாள்.

“மூணு பேர் இல்லடா, ரெண்டு பேர். இந்தப் பொண்ணு நேத்து காவல்னு டீச்சரம்மா இப்பதான் சொன்னாங்க. மாத்திரையே போடலை. தெளிவான சாட்சி ஒண்ணு போதும் எனக்கு.” ஹலோவின் பக்கம் திரும்பினாள். “நீ போடலைதானே?”



லாக்கப் கம்பிக்குப் பின்னால் அண்ணன் எழுந்து நின்றிருந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு. தங்கையையே பார்த்துக்கொண்டு.

ஒரே ஒரு வார்த்தை. ‘போடலை.’ அண்ணன் வெளியே வந்துவிடுவான்.

ஆனால் ரத்தம் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வந்தால் பொய்யும் தெரியும், அண்ணனும் போவான்.

“சொல்லும்மா.”

“போட்டேன் மேடம்.”

“என்னது?”

“ரெண்டு போட்டேன். காவல்ல இருந்துக்கிட்டே... யாருக்கும் தெரியாம.” உடைந்து அழுதாள். “அண்ணா, மன்னிச்சுரு... நான் தெளிவா இல்ல அண்ணா!”

வார்டு வாய்விட்டுச் சிரித்தான். தோள் வலித்தது. அதையும் மீறிச் சிரித்தான்.

“மூணே பேர்தான் மேடம்! கணக்கு நான் சொன்னதுதான்!”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். ரைட்டர் பேனாவை மூடினார்.

அப்போது...

டிரிங்... டிரிங்...!

இன்ஸ்பெக்டர் சலிப்போடு எடுத்தாள். “ஹலோ... ஆமா, நான்தான். லேபா? சொல்லுங்க.” கேட்டாள். புருவம் சுருங்கியது. “யாரோட ரத்தம்? நாலும் பார்த்தீங்களா? மறுபடி சொல்லுங்க... மாத்திரையுமா? நிச்சயமா?”

ஃபோனை வைத்தாள். நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“உங்க நாலு பேர் ரத்தத்துலயும் போதை மருந்து ஒரு துளிகூட இல்லையாம்.”

“என்னது!” கத்தியது ஹலோ இல்லை. வார்டு!

“ஜிம் மாஸ்டர் பொட்டலத்துல மிச்சமிருந்த மாத்திரையையும் பார்த்திருக்காங்க. அது வெறும் கால்சியம்.”

ஜிம் வாயைப் பிளந்தான். “மேடம், நான் நேத்து பாட்டெல்லாம் பாடினேனே...?”

“நான் அழுதேனே?” என்றாள் டீச்சர்.

“அழுகை உன்னோடது, பாட்டு அவனோடது. மாத்திரைக்கு அதுல பங்கில்ல.”

“இருக்காது! சான்ஸே இல்ல!” வார்டு எழுந்தே விட்டான். “வலி மாத்திரையைத் தனியா, கால்சியத்தைத் தனியா, ரெண்டு கவர்ல... நானேதான் பிரிச்சு...”

பாதியில் நிறுத்தினான். வாயைத் திறந்ததே தப்பு என்று புரிந்த முகம்.

இன்ஸ்பெக்டர் அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே அடுத்த நம்பரை அழுத்தினாள். ஆஸ்பத்திரி. தலைமை நர்ஸ். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சிஸ்டர், நேத்து சாயங்காலம் உங்க வார்டு எப்படி இருந்துச்சு?”

“அதிசயம் மேடம்!” குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. “ரெண்டு மாசமா சாயங்காலமானா ஒரே அலறல். டோஸை ஏத்தினாலும் கேட்காது. நேத்துதான் ஒருத்தர்கூட அலறலை! எல்லாரும் அவ்வளவு நிம்மதியா தூங்கினாங்க. நாங்களே பயந்துபோய், மூச்சு இருக்கான்னு ஒவ்வொருத்தர் மூக்குலயும் விரலை வச்சுப் பார்த்தோம்.”

“மருந்து கொடுத்தது யாரு?”

“அந்தத் தம்பிதான். வழக்கத்தைவிட சீக்கிரமா, நாலு மணிக்கே கொடுத்துட்டு, என்னமோ அவசரம்னு ஓடிட்டான்.”

ஸ்பீக்கர் அணைந்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தாள்.

“கிடார் கையைப் பிடிச்சுக் கேட்டதும் உனக்குக் கை உதறிடுச்சு. எந்தக் கவரை எங்க கொடுக்கறோம்னு தெரியலை. கிடார் மேஜையில கிடந்த மாத்திரை மட்டும் அசல்னு லேப் சொல்லுது. அதுக்கப்புறம் கவர் மாறிப்போச்சு. நோயாளிக்குப் போக வேண்டியது நோயாளிக்கே போய்ச் சேர்ந்துச்சு. வாழ்க்கையில நீ உருப்படியா பார்த்த டியூட்டி அந்த ஒண்ணுதான்!”

“மேடம், நான்...”

“எனக்கு இப்ப ஒரு சாட்சி இல்ல. மூணு! மூணு பேரும் தெளிவோ தெளிவு. அப்புறம், போதையில உளறிட்டேன்னு சொன்னியே? உன் ரத்தமும் பச்சைத் தண்ணி. தெளிவா இருந்துதான் ‘இடது’ன்னு சொல்லியிருக்கே. இருட்டுல போர்வைக்குள்ள தலையணையை வச்சுட்டுப் போயிருக்கே, வேலை முடிஞ்சதும் ஃபோன்லேர்ந்தே அந்த இணைப்பை வெட்டிட்டு, அதே ஃபோன்ல மறுபடி வந்திருக்கே. உன் குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பியாச்சு. அந்த வெள்ளை டிரஸ் எரிஞ்ச சாம்பலாவது கிடைக்காமலா போயிடும்?”

வார்டு ஓடப் பார்த்தான். ஜிம் காலை நீட்டினான். முகம் குப்புற விழுந்தான். உடைந்த தோள் தரையில் மோதியது. அவன் போட்ட கூச்சலில் ரைட்டரின் கண்ணாடி நழுவியது.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். சாக்பீஸ் வட்டத்தை முதல் தடவையாகத் தாண்டினாள். கீழே கிடந்தவன் கன்னத்தில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்தன.

“இது கிடாரோட அம்மாவுக்கு!”

இரண்டாவது அறை.

“இது கிடாருக்கு!”

மூன்றாவதுக்கு ஓங்கினவளைப் பெண் போலீஸ் இழுத்துக்கொண்டு போனாள். அவசரமில்லாமல்தான் இழுத்தாள்.

ஹலோ லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா... நான் காவல்ல இருந்துக்கிட்டுப் போட்டேன். கால்சியமா இருந்தது என் அதிர்ஷ்டம். நான் போட்டது போட்டதுதான்.”

அண்ணன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அவள் புருவத்திலிருந்த ரத்தத்தைத் துடைத்தான்.

“நாலு பேர் முன்னால போட்டேன்னு சொன்னியே, அது போதும். இனிமே தூக்கம் வரலைன்னா என்னை எழுப்பு. ரெண்டு பேரும் முழிச்சிருப்போம்.”

“நீ குறட்டை விடுவியே...”

“அப்ப அதை எண்ணிக்கிட்டு இரு.”

*

ரைட்டர் வெள்ளைத்தாளை எடுத்தார். ஓரம் மடித்தார். பேனாவை ஒருமுறை உதறினார். அழகான கையெழுத்து.

அனுப்புநர், பெறுநர், பொருள். கைதான ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நிரபராதி என்று தெரிய வந்திருப்பதால் அவரை விடுவிக்குமாறு மாஜிஸ்திரேட் அவர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது. இணைப்பாக ரத்தப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டாள். ரைட்டர் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார். பழக்க தோஷத்தில் உறையின் ஓரத்தை நாக்குக்குக் கொண்டு போனார்.

“யோவ்! நோய்க் காலத்துல நக்காதே, பசை போடு!”

பசை போட்டார். மேலே அரக்கு உருக்கி முத்திரையைப் பதித்தார். வாசலில் மோட்டார் பைக் உறுமிக்கொண்டு காத்திருந்தது. கான்ஸ்டபிள் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பறந்தான். ஹலோ அது தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

லாக்கப்பில் இப்போது ஆள் மாறியிருந்தது.

“மேடம்... தோள் உயிர் போகுது மேடம்... டாக்டர் வர வரைக்கும் ஒரே ஒரு மாத்திரை கொடுங்க மேடம்!” வார்டு கெஞ்சினான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“எலும்புதானே உடைஞ்சிருக்கு... கால்சியம் கொடுக்கச் சொல்றேன்!”